பெரட்டுத் தப்பும் காமன் தப்பும்

2023-ல் 'மலையகம் 200' நினைவுகூரல்கள் நடந்த வருடம், மேடைக்கு மேடை ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். இந்த மக்களின் துன்பம்தான் பாட்டாகப் பிறந்தது, கண்ணீர்தான் கவிதையானது என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது. நாங்களும் கை தட்டினோம். ஆனால் கொத்மலைக்குத் திரும்பி வந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி நெருடத் தொடங்கியது. துன்பம்தான் கலையைக் கொண்டுவருகிறது என்றால், அது எல்லா லயத்திலும்தானே இருந்தது? அப்போ ஏன் எல்லா லயத்திலிருந்தும் ஒரு சி.வி. வேலுப்பிள்ளை வரவில்லை?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் நாங்கள் போன பாதை. படைப்பாற்றல் எங்கிருந்து வருகிறது, யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா, ஒரு தனி ஆளுக்கு வருவதும் ஒரு கூட்டத்துக்கு வருவதும் ஒன்றா? உளவியல்காரர்கள் இதை எழுபது வருடத்துக்கு மேலாக ஆராய்கிறார்கள். அவர்கள் சொன்னதில் கொஞ்சத்தை எடுத்து எங்கள் மலைகளின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கிறோம்.

செங்கலும் உரச் சாக்கும்

1950-ல் ஜே.பி. கில்ஃபோர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் துறைச் சங்கத்தின் தலைவராக ஓர் உரை ஆற்றினார். அதுவரை அந்தத் துறையில் வந்திருந்த ஏறக்குறைய 121,000 ஆய்வுகளைத் தேடியதில் வெறும் 186 மட்டுமே படைப்பாற்றலைப் பற்றியவை என்று அதில் சொன்னார். அதற்குப் பிறகுதான் சோதனைகள் வரிசையாக வந்தன. அதில் ரொம்பப் பிரபலமானது, ஒரு செங்கலை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்பது. நிறைய விடை சொன்னால், வித்தியாசமான விடை சொன்னால், மதிப்பெண் கூடும்.

எங்களில் ஒருத்தி இதைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டாள். "செங்கலை விடு, ஒரு உரச் சாக்கைக் குடு, எங்கம்மா எத்தனை விதம்னு காட்டுவாங்க" என்றாள். உண்மைதான். அது இடுப்பில் கட்டும் படங்காகிறது. மழைக்குத் தலையில் போடும் கொங்காணியாகிறது. 10க்கு 12 அடி காம்பராவை இரண்டாகப் பிரிக்கும் மறைப்பாகிறது. கோழிக்கூட்டுக்குக் கூரையாகிறது, வாசலில் கால்மிதியாகிறது. கில்ஃபோர்டின் தாளை இஸ்தோப்பில் உட்கார வைத்துக் கொடுத்திருந்தால் பல அம்மாமார் நல்ல புள்ளி வாங்கியிருப்பார்கள்.

இதைச் சொன்னவள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்காதவள். "உனக்கெல்லாம் கொழுந்துதான் சரி" என்று ஓர் ஆசிரியர் வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னாராம். இன்று அவள் எங்களோடு கலைப்பீடத்தில் படிக்கிறாள், எங்கள் குழுவிலேயே அதிகம் எழுதுகிறவள் அவள்தான். யாரால் முடியும், யாரால் முடியாது என்று பத்து வயதில் தீர்ப்பு எழுதுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம். திறமை இருப்பது ஒரு விஷயம். அது வெளியே வருவது வேறு விஷயம். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

ஒரே தப்பு, இரண்டு வேலை

பழைய தோட்ட வாழ்க்கையில் விடியுமுன் தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் லயம் எழும்பும். கொஞ்ச நேரத்தில் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார், இன்றைக்கு எந்த மலை, எத்தனை ஆள் என்று பிரிப்பார்கள். பிந்தி வந்தால் பேர் கிடையாது. 'பேர்' என்றால் எங்கள் ஊரில் ஒருநாள் சம்பளம்.

அதே தப்பு மாசி மாதத்தில் வேறு வேலை செய்யும். அமாவாசை கழிந்து காமன் பொட்டலில் கம்பம் நட்டதும் காமன் கூத்து தொடங்கிவிடும். மன்மதனும் ரதியும் கல்யாணம் கட்டுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போக வேண்டாம் என்று ரதி மன்றாடுவாள். காமன் கேட்காமல் போவான், எரிவான், பிறகு எழும்புவான். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. இருந்தும் கடைசி இரவு முழுக்கக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தோட்டமே உட்கார்ந்து பார்க்கும்.

அடிக்கிற கையும் தோலும் ஒன்றுதான். காலையில் அது கட்டளை, ராத்திரியில் அது ஆட்டம்.

தெரேசா அமபைல் என்ற உளவியலாளர் 1985-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையைப் படித்தபோது எங்களுக்கு இந்தத் தப்புதான் ஞாபகம் வந்தது. எழுத்தில் ஈடுபாடுள்ள 72 பேரைக் கூட்டி, எல்லாரையும் ஒரு ஹைக்கூ எழுதச் சொன்னார். பிறகு ஒரு பகுதியினரிடம், எழுதுவதில் கிடைக்கும் சந்தோஷம் போன்ற உள்ளார்ந்த காரணங்களின் பட்டியலைக் கொடுத்தார். இன்னொரு பகுதியினரிடம் பணம், புகழ், மற்றவர்களின் பாராட்டு போன்ற வெளிக்காரணங்களைக் கொடுத்தார். சில நிமிடங்கள் அதை யோசித்துவிட்டு இரண்டாவது ஹைக்கூ எழுத வேண்டும். யார் எழுதியது என்று தெரியாத கவிஞர்கள் மதிப்பிட்டார்கள். வெளிக்காரணத்தை யோசித்தவர்களின் இரண்டாவது கவிதை தரம் இறங்கியிருந்தது. திறமை மாறவில்லை, ஆள் மாறவில்லை. எதற்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு மட்டும்தான் மாறியது.

சில நிமிட நினைப்பே இவ்வளவு செய்யுமென்றால், ஒரு வாழ்நாள் முழுக்க நிறுவையும் பேரும் எண்ணி வாழ்ந்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும்? அதனால்தான் காமன் கூத்து எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. துரைக்கும் கங்காணிக்கும் சொந்தமில்லாத இரவுகள் அவை. கூத்துக்குள் கோமாளி வேஷக்காரன் துரை மாதிரி நடந்து காட்டலாம், கங்காணி மாதிரி அதட்டிக் காட்டலாம். மறுநாள் காலை அதே துரைக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டும். இருந்தாலும் அந்த ராத்திரி அவனுடையது.

இதில் மறைக்கக்கூடாத ஒன்றும் இருக்கிறது. தப்பு அடித்தவர்களைத் தோட்டத்துக்குள்ளேயே சாதி சொல்லித் தள்ளி வைத்தார்கள். அவர்கள் இல்லாமல் கூத்தும் இல்லை, கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்த தாளத்தைக் கலை என்று சொல்ல நெடுங்காலம் நம்ம ஆட்களுக்கே வாய் வரவில்லை. கதவை மூடியது துரை மட்டுமல்ல.

கூட்டமாக யோசிப்பது

கூட்டம் என்றாலே நல்ல யோசனை வரும் என்று நாம் நம்புகிறோம். விளம்பரத் துறைக்காரரான அலெக்ஸ் ஒஸ்போர்ன் பிரபலமாக்கிய 'மூளைப்புயல்' முறை இன்றைக்கும் எல்லாப் பயிற்சிப் பட்டறையிலும் உண்டு. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தோன்றுவதைச் சொல்ல வேண்டும். ஆனால் 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தபோது எதிர்மாறான முடிவு வந்தது. நான்கு பேர் சேர்ந்து யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்து எழுதியதைப் பிறகு ஒன்றாகச் சேர்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகள் கிடைத்தன. ஒருத்தர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், பேசினால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு.

அப்படியென்றால் கூத்து எப்படி நடக்கிறது? காமன் கூத்துக்குழு வட்டமாக உட்கார்ந்து யோசிப்பதில்லை. கூத்து மாஸ்டரிடம் பாட்டும் முறையும் இருக்கும். ஒவ்வொருத்தரும் தன் வேஷத்தைத் தனியாகப் பல நாள் பழகுவார்கள். கொழுந்து மலையில், கவ்வாத்து வெட்டும்போது, பீலிக்கரையில் குளிக்கும்போது வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். கூட்டம் என்பது அதற்குப் பிறகு வருகிறது. எல்லாருக்கும் கதை தெரியும் என்பதால், அன்றைக்குப் புதிதாக ஒரு வரி போட்டால் பார்க்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். நல்ல வரி என்றால் சிரிப்பு வரும், அடுத்த வருடமும் அது இருக்கும். சரியில்லாவிட்டால் ஒருத்தரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அது அங்கேயே செத்துவிடும்.

மிஹாய் சிக்சென்மிஹாய் என்ற ஆய்வாளர் படைப்பாற்றல் ஒரு மனிதரின் தலைக்குள் மட்டும் இல்லை என்றார். மூன்று சேர வேண்டும் என்பது அவர் கருத்து. கற்றுக்கொள்ள ஒரு மரபு வேண்டும், அதில் புதிதாக ஒன்றைச் செய்கிற ஆள் வேண்டும், 'இது நல்லது, வைத்துக்கொள்வோம்' என்று தேர்ந்தெடுக்கும் சபை வேண்டும். காமன் பொட்டலில் இந்த மூன்றும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்திருந்த இடத்தில் மரபு, ஆள், சபை எல்லாம் இருந்தன. ஆனால் அந்தச் சபையின் எல்லை தோட்டத்தின் எல்லையோடு முடிந்தது.

கதவுகளின் வரலாறு

தோட்டத்துக்கு வெளியே கேட்கிற சபை எப்போது கிடைத்தது என்று பார்த்தால், மலையக இலக்கிய வரலாறு வேறு மாதிரித் தெரியத் தொடங்குகிறது.

முதல் கதவு கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த அவர் 1920களில் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தினார். 1931-ல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடுவார். சனங்களுக்கு ஏற்கனவே பழகிய மெட்டுகளில் சம்பளத்தையும் உரிமையையும் வைத்துக் கட்டிய பாட்டுகள். அவற்றை அச்சிட்டும் கொடுத்தார்கள். மெட்டு பழசு, சேதி புதுசு. தோட்டத்துச் சனங்கள் ஒரு பெண் மேடையில் நின்று தங்கள் கதையைப் பாடுவதைப் பார்த்தார்கள். இப்படியும் செய்யலாம் என்பது கண்ணுக்கு முன்னால் நின்றது.

இரண்டாவது சி.வி. வேலுப்பிள்ளை. 1914-ல் வட்டகொடையில் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர். எங்கள் பக்கத்து ஆள் என்பதால் எங்களுக்கு ஒரு பெருமை. ஆனால் பெருமையோடு உண்மையையும் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது பெரிய கங்காணிக் குடும்பத்தில். அதனால் அவருக்கு ஹட்டனிலும் பிறகு கொழும்பு நாலந்தா கல்லூரியிலும் படிக்க முடிந்தது. அதே வருடம் அதே தோட்டத்தில் லயத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அதே மூளை இருந்திருந்தாலும் அந்தப் பாதை இருந்திருக்காது. 1947-ல் சி.வி. தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனார். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்த வருடம் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் அவருக்கு வாக்களித்த மக்கள் வாக்கை இழந்தார்கள். 1954-ல் அவருடைய ஆங்கில நெடுங்கவிதையான 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' வெளிவந்தது. அது விடியற்காலைத் தப்புச் சத்தத்தோடு தொடங்கும் கவிதை.

யார் அதை முதலில் படித்தது? ஆங்கிலம் தெரிந்தவர்கள். சக்தீ பால ஐயாவின் மொழியாக்கத்தில் அது 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழுக்கு வந்தது 1969-ல். அந்தக் கவிதை யாரைப் பற்றியதோ அவர்கள் மொழிக்கு வந்து சேர 15 வருடம் ஆகியிருக்கிறது.

மூன்றாவது கதவு ஒரேயடியாகத் திறந்தது, 1960களில். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் ஒரு தலைமுறையையே வாசிக்கவும் பேசவும் வைத்தார்கள். தினகரனில் ஆசிரியராக இருந்த கைலாசபதி மலையகத்திலிருந்து எழுதச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். அங்கே வந்த என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இன்றுவரை பேசப்படுகிறது. வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் 'தோட்ட மஞ்சரி' பக்கத்தை நடத்தினார். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் சிறுகதைப் போட்டி வைத்தது. பரிசுக் கதைகள் 1971-ல் 'கதைக்கனிகள்' என்று நூலாகின. தெளிவத்தை ஜோசப், சாரல்நாடன், மல்லிகை சி. குமார் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. இதில் ஜோசப்பும் குமாரும் தோட்டத்தின் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர்கள்.

இந்தப் பத்து வருடத்தில் மலையகத்தில் திடீரென்று அறிவாளிப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்களா? இல்லை. துன்பம் திடீரென்று கூடிவிட்டதா? அதுவும் இல்லை. ஒரு பத்திரிகைப் பக்கம், ஒரு போட்டி, சில ஆசிரியர்கள், அனுப்பினால் படித்துப் பார்க்க ஓர் ஆள். இவ்வளவுதான் புதிதாக வந்தது.

டீன் சைமன்டன் என்பவர் ஐரோப்பாவின் இருபத்தைந்து நூற்றாண்டு வரலாற்றை 20 ஆண்டுத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டில் எத்தனை படைப்பாளிகள் என்று எண்ணிப் பார்த்தார். 1975-ல் வந்த அந்த ஆய்வில் முக்கியமான ஒன்று: ஒரு தலைமுறையில் படைப்பாளிகள் பெருகுவதற்கும், அதற்கு முந்தைய தலைமுறையில் கண்ணால் பார்க்கக்கூடிய முன்னோடிகள் இருந்ததற்கும் தொடர்பு இருக்கிறது. மீனாட்சி அம்மாளின் பாட்டைக் கேட்ட தலைமுறைக்கும் சி.வி.யைப் பார்த்த தலைமுறைக்கும் பிறகு இந்த 1960கள் வந்தது தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கோச்சியில் போனது

கதவுகள் திறந்த அதே காலத்தில்தான் 1964-ன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். சனங்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரே வந்துவிட்டது.

இதை எப்போதும் குடும்பம் பிரிந்த கதையாகச் சொல்கிறோம். அது சரிதான். ஆனால் பிரிந்தது குடும்பம் மட்டுமல்ல. ரதி வேஷம் கட்டுகிறவர் ஒரு வருடம் போனார், மாஸ்டர் அடுத்த வருடம் போனார் என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பாட்டில் பாதி இங்கே, பாதி அங்கே. தனி ஆளின் திறமை அவரோடு பயணம் போகும். கூட்டத்தின் திறமை அப்படிப் போகாது. அது ஆட்களுக்கு நடுவில் இருப்பது. ஆட்களைப் பிரித்தால் யார் கையிலும் முழுசாகத் தங்காது. இர. சிவலிங்கம்கூட பின்னாளில் நீலகிரிப் பக்கம் போய், தாயகம் திரும்பியவர்கள் என்று பெயரிடப்பட்ட மக்களோடு வேலை செய்தார்.

ஆகவே துன்பம் கலையைப் பெற்றுத் தருகிறது என்று மேடையில் சொல்கிறவர்களிடம் நாங்கள் கேட்க நினைப்பது இதுதான்: துன்பம் எத்தனை கலையைக் கொன்றது என்று எப்போது கணக்கு எடுப்போம்? அந்த வாக்கியத்தில் ஒரு வசதி இருக்கிறது. துன்பம் நல்ல பலன் தந்தது என்று சொல்லிவிட்டால், துன்பத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் இல்லாதவர்கள்

சி.வி. தன் கடைசிக் காலத்தில், 1983-ல், 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அடுத்த வருடம் இறந்துபோனார். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, மலையில் பாடுகிற பாட்டு என்று இப்படிப்பட்ட பாட்டுகளில் பெரும்பகுதி பெண்கள் வாயில் வளர்ந்தவை. கட்டியவர் பெயர் எதற்கும் இல்லை.

படைப்பாற்றலை எது தீர்மானிக்கிறது என்று ஆராய்கிறவர்கள் வழக்கமாக, பெயர் பெற்ற படைப்பாளிகளை எடுத்து அவர்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடுவார்கள். மலையகத்தில் அப்படித் தேடினால் என்ன விடை வரும்? ஆண், பள்ளிக்கூடம் போனவர், ஆசிரியரோ எழுத்தரோ தொழிற்சங்கக்காரரோ, பத்திரிகையோடு தொடர்பு உள்ளவர். தலவாக்கலையில் தோட்டத் தொழிலாளியாகவே இருந்து கவிதையும் ஓவியமும் செய்த மல்லிகை சி. குமார் போன்றவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்தப் பட்டியல் படைப்பாற்றல் யாருக்கு இருந்தது என்று காட்டவில்லை, கதவு யாருக்குத் திறந்தது என்றுதான் காட்டுகிறது. காலை நாலரைக்கு எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, மலைக்குப் போய் நிறுவை முடித்து, ராத்திரி அடுப்போடு நின்ற ஒரு பெண் அதற்கு நடுவில் ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறாள். எந்தச் சோதனைத்தாளும் அவளைக் கணக்கில் எடுக்கவில்லை.

அதனால் இந்த வருடம் மாசி விடுமுறைக்கு வந்தபோது நாங்கள் ஒரு கொப்பி வைத்தோம். பாட்டு, பாடியவர் பெயர், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார் என்று நான்கு பத்தி. பூண்டுலோயாப் பக்கம் ஒரு அப்பாயி ஒப்பாரியில் ஒரு பகுதி பாடிக் காட்டினார். பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, இதுக்கெல்லாம் பேரா? எல்லாரும் பாடுனதுதானே."

நாங்கள் கொஞ்சம் தடுமாறிப்போனோம். ஒருவரின் பெயரை எழுதினால் கூட்டத்தின் சொத்தை ஒருவர் கணக்கில் போட்டதாகிவிடுமோ? எழுதாவிட்டால் இன்னொரு முறை பெயர் இல்லாமல் போய்விடுமே? இவ்வளவு நேரம் தனி ஆளா கூட்டமா என்று நாங்கள் படித்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது.

கடைசியில் அவரிடமே கேட்டோம். "சரி அப்பாயி, நீங்க யாருகிட்ட கேட்டுப் படிச்சீங்க?" கொஞ்சம் யோசித்தார். அம்மா, சின்னம்மா, இந்தியா போய்விட்ட பக்கத்துக் காம்பராக்காரி, பிறகு இன்னொருத்தர் என்று விரல் விட்டு எண்ணினார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்த அடி மட்டும் நான் போட்டது. எங்க ஆளு செத்தப்ப" என்றார்.

நான்காவது பத்தியில் இடம் போதவில்லை. அடுத்த பக்கத்திலும் எழுதினோம். அவர் போட்ட அடிக்குப் பக்கத்தில் அவர் பெயரை எழுதியிருக்கிறோம்.